அயோடின் அறைக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

இந்தச் சுற்றுலாவின் கதாநாயகன் ஒரு கழிவறை. கடைசிவரை மூடி வைத்திருந்து சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை! தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கிற வார்டில் இருக்கும் கழிவறைக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி, தனிக் கணக்குப் புத்தகம். அங்கிருந்து இறங்குகிற ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நேராக ஊர்ச் சாக்கடைக்குப் போக முடியாது. வாரக்கணக்கில் காத்திருந்து, அளந்து பார்க்கப்பட்டு, கையெழுத்தாகி, அப்புறம்தான் அது வெளியே போகும். அந்தத் தொட்டிவரை உங்களைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ்ச் சின்னம் ஒட்டிய அந்தக் கதவுகளைத் தாண்டி நாம் சாதாரணமாகப் போகவே முடியாது. அதனால்தான் எனக்கு இத்தனை குஷி.

முதலில் கழுத்து. நம் உடம்பில் அயோடினைத் தேடிப் பிடித்து வாங்கிச் சேர்த்து வைக்கிற உறுப்பு தைராய்டு. அதன் செல்களின் சவ்வில், அயோடினை உள்ளே இழுத்துப் போடுவதற்கென்றே ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் புரதத்தின் மரபணுவை 1996-ல்தான் பிரித்தெடுத்தார்கள். பாப்பிலரி, ஃபாலிகுலர் என்ற இரண்டு வகைத் தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பாலான செல்கள் புற்றாக மாறிய பிறகும் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை. நுரையீரலுக்குப் பரவிய செல்கூட அங்கே உட்கார்ந்துகொண்டு அயோடினுக்கு வாய் திறக்கும்! அறுவைச் சிகிச்சையில் சுரப்பியை எடுத்த பிறகு, கத்திக்கு எட்டாமல் மிஞ்சியவற்றுக்கு அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடினைக் கொடுத்தால், அவையே அதை இழுத்து விழுங்கிக்கொள்கின்றன.

உள்ளே போன அயோடின் இரண்டு வகைக் கதிர்களை விடுகிறது. பீட்டா கதிர் அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் போகும், அவ்வளவுதான். புற்றுச் செல்லை அழிக்கிற வேலை அதனுடையது. இன்னொன்று காமா கதிர். அது உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சில நாள் கழித்து காமா கேமராவின் கீழே படுக்க வைத்து, அயோடின் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுப்பது இந்தக் கதிரை வைத்துத்தான். பக்கத்தில் நிற்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வதும் இதே கதிருக்காகத்தான். இந்தக் கதிரோடு, உடம்பு வேண்டாம் என்று சிறுநீரிலும் உமிழ்நீரிலும் வியர்வையிலும் வெளியே தள்ளுகிற அயோடினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வார்டின் அத்தனை ஏற்பாடும் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

இதற்கெல்லாம் வித்து ஒரு கேள்வி. 1936 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மருத்துவர்களின் கூட்டம் ஒன்றில் எம்.ஐ.டி.யின் தலைவர் கார்ல் காம்ப்டன் பேசினார். இயற்பியலால் மருத்துவத்துக்கு என்ன செய்ய முடியும் என்பது பேச்சு. சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் தைராய்டு மருத்துவர் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் கொண்டதாக மாற்ற முடியுமா என்று கேட்டார். இரண்டு ஆண்டில், 1938-ல், பெர்க்லியில் கிளென் சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் அயோடின்-131-ஐக் கண்டுபிடித்தார்கள். 1941-ல் ஹெர்ட்ஸ், தைராய்டு அதிகமாகச் சுரந்த ஒரு பெண்மணிக்குக் கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்தார். புற்றுநோய்க்கு இது வேலை செய்கிறது என்று 1946-ல் நியூயார்க்கின் சாமுவேல் சைட்லின் குழு எழுதியது. பிற்பாடு சீபோர்க்கின் தாயாருக்கே இந்த மருந்து தேவைப்பட்டது, பலனும் தந்தது. மகன் கண்டுபிடித்த பொருள் அம்மாவுக்கு மருந்தானதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

சரி, நம் ஊர் நோயாளி குடிக்கிற அயோடின் எங்கிருந்து வருகிறது? மும்பை டிராம்பேயிலிருந்து. அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், 1985-ல் இயங்கத் தொடங்கிய துருவா உலைக்குள் டெல்லூரியம் என்ற தனிமத்தை வைக்கிறார்கள். அது நியூட்ரானை வாங்கிக்கொண்டு, சிறிது நேரத்தில் தானாகவே அயோடினாக மாறுகிறது. அதைச் சூடாக்கி ஆவியாகப் பிரித்து, சுத்தம் செய்து, பிரிட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கதிர்வீச்சு ஐசோடோப் தொழில்நுட்ப வாரியத்தின் வழியாக நாடு முழுக்க அனுப்புகிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற குப்பிதான், ஆனால் அதைச் சுற்றி ஈயப் பானை, அதைச் சுற்றி இன்னொரு பெட்டி. தூக்கினால் கை இறங்கிவிடும்.

பெட்டியின் மேல் ஒட்டிய தாளில், இந்தத் தேதி இந்த மணிக்கு இத்தனை மில்லிகியூரி என்று எழுதியிருக்கும். மணியையும் ஏன் எழுத வேண்டும்? மருந்து வழியெல்லாம் கரைந்துகொண்டே வருகிறதே! எட்டு நாளில் சரிபாதி ஆகிவிடும். விமானம் தாமதமானாலும், சாலையில் வண்டி நின்றுபோனாலும் குப்பிக்குள் இருப்பது குறைந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஒரு நோயாளிக்குத் தேதி குறிப்பது கிட்டத்தட்டக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதுதான். அறை காலியாக இருக்க வேண்டும், குப்பி வந்து சேர்ந்திருக்க வேண்டும், நோயாளியின் ரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். போதுமான அளவு ஏறியிருக்க வேண்டும், கர்ப்பம் இல்லை என்ற சோதனை முடிந்திருக்க வேண்டும். நான்கும் ஒரே நாளில் வந்து பொருந்த வேண்டும்.

டி.எஸ்.எச். ஏறுவதற்காகப் பலருக்கு, எடுத்த சுரப்பிக்கு ஈடாகக் கொடுக்கிற தைராக்சின் மாத்திரையை மூன்று நான்கு வாரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். அந்த வாரங்களில் உடம்பு அசந்துபோகும், குளிரும், மனசு சோரும். வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி பாரம் குறையும். கூடவே ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு. கடல் மீன், இறால், கருவாடு, முட்டை மஞ்சள் கரு, பால், தயிர் எல்லாம் விலக்கு. தயிர் இல்லாமல் சாப்பாட்டை முடிப்பது நம் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய காரியம்! அயோடின் சேர்த்த உப்பும் கூடாது. கல் உப்பு என்றாலே அயோடின் இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, கல் உப்பிலும் அயோடின் கலந்து விற்கிறார்கள். பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள், எதை வாங்குவது என்று மருத்துவமனையில் கேளுங்கள். தைராய்டு செல்களைப் பட்டினி போட்டால்தான், மருந்து வந்ததும் அவை பாய்ந்து எடுத்துக்கொள்ளும்.

இப்போது மருந்தை அளந்து தயார் செய்கிற ஹாட் லேப். பெயருக்கு ஏற்ற பரபரப்பு எதுவும் கிடையாது, சமையலறையைவிட அமைதியான இடம். அயோடின் எளிதாக ஆவியாகும், ஆகவே குப்பியைத் திறப்பது காற்றை உறிஞ்சி வடிகட்டி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள்தான். முன்னால் ஈயத் தடுப்பு, நடுவில் ஈயக் கண்ணாடி, கையில் நீண்ட இடுக்கி. கிணறு மாதிரி குழி உள்ள டோஸ் கேலிப்ரேட்டரில் இறக்கி அளந்து, டாக்டர் எழுதிய அளவோடு ஒத்துப்பார்க்கிறார்கள். 30 மில்லிகியூரியும் உண்டு, 100, 150, பரவிய நோய்க்கு 200 வரைக்கும் உண்டு. 100 மில்லிகியூரி என்றால் ஒரு நொடிக்கு 370 கோடி அணுக்கள் சிதைகின்றன என்று அர்த்தம். அவ்வளவும் நிறமில்லாத கொஞ்சம் திரவத்துக்குள், அல்லது ஒரே ஒரு கேப்சூலுக்குள்!

இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவர் சட்டையிலும் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருக்கும். உள்ளே சின்னச் சின்ன வட்டத் தகடுகள். அவர் வாங்கிய கதிர்வீச்சை அவை சேமித்து வைத்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிப் படித்துப்பார்ப்பார்கள். இன்னொன்றும் எனக்கு ரொம்பப் பிடித்தது. அயோடினைக் கையாளுகிற ஊழியர்களின் கழுத்தையும் அவ்வப்போது கருவி வைத்துச் சோதிப்பார்கள், அவர்கள் தைராய்டுக்குள் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

மருந்து கொடுப்பதைப் பார்க்க ஆசையா? கண்ணைச் சிமிட்டினால் தவறவிடுவீர்கள். பெயர், அளவு, சம்மதக் கையெழுத்து எல்லாம் முன்னாலேயே முடிந்திருக்கும். ஈயப் பானையின் மூடி திறக்கும். திரவம் என்றால் உறிஞ்சு குழாய், கேப்சூல் என்றால் கையால் தொடாமல் குப்பியிலிருந்து நேராக வாய்க்கு. பின்னாலேயே தண்ணீர். ஊழியர் இரண்டடி பின்வாங்கி, நலம் விசாரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அவர் ஓடிப்போனதுபோலத் தோன்றும், நோயாளிக்கு மனசு சுருக்கென்றும் ஆகும். அவருக்கு இன்றைக்கு இவர், நாளைக்கு இன்னொருவர், வருஷம் முழுக்க இதே கதிரோடு வேலை என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். பேச்சு நிற்பதில்லை. இன்டர்காமில் குரல் வரும்: “அம்மா, தண்ணி குடிச்சீங்களா? இன்னொரு பாட்டில் இருக்கு பாருங்க.”

அறையைச் சுற்றிப் பாருங்கள். சுவர் பருமனாக இருக்கும், அல்லது ஈயம் பதித்திருக்கும். இந்தக் கதிருக்கு மூன்று மில்லிமீட்டர் ஈயம் இருந்தால் பாதி வடிந்துவிடும், இன்னொரு மூன்று வைத்தால் அதிலும் பாதி. கட்டில், மேசை, டி.வி. உண்டு. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, செல்போனுக்கும் உறை, கதவுப்பிடிக்கும் உறை! விரலில் ஒட்டிய வியர்வையோ எச்சிலோ பொருள்களுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் இவ்வளவுக்கும் காரணம். சாப்பாடு கதவருகே வரும், ஊழியர் நகர்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம். படுக்கை விரிப்பும் துண்டும் நேரே சலவைக்குப் போகாமல், தனித் தொட்டியில் காத்திருந்து, கதிர்வீச்சு மீட்டர் அடங்கிய பிறகுதான் துவைக்கப் போகும்.

சாப்பாட்டில் ஒரு நுணுக்கம். சப்பித் துப்புகிற எதுவும் இங்கே தொந்தரவு. கோழி எலும்பு, முருங்கைக்காய்ச் சக்கை, மாங்கொட்டை எல்லாவற்றிலும் எச்சில் ஊறியிருக்கும், எச்சிலில் அயோடின் இருக்கும். அப்புறம் அந்தச் சக்கை கதிரியக்கக் கழிவாகிவிடும். சாம்பாரில் முருங்கைக்காய் வேண்டாம், கத்தரிக்காய் போடுங்கள் என்பது இங்கே அறிவியல் ரீதியான ஆலோசனை! உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொஞ்சம் அயோடினை இழுப்பதால் சிலருக்குக் கன்னம் வீங்கும், வாய் உலரும். எலுமிச்சை, புளிப்பு மிட்டாய் எப்போது தொடங்குவது என்பதை அங்கே சொல்கிறபடி செய்யுங்கள்.

வந்துவிட்டோம், நம் கதாநாயகனிடம். மருந்து குடித்த நோயாளிக்குச் சுரப்பி பெரும்பாலும் அகற்றப்பட்டிருக்கும். அதனால் குடித்ததில் பெரும்பகுதிக்கு உட்கார இடமில்லை, இரண்டு நாளுக்குள் சிறுநீராக வெளியே ஓடிவிடும். தண்ணீர் குடி, குடி என்று விரட்டுவது இதற்காகத்தான். மூத்திரப்பையில் கதிரோடு காத்திருக்கிற நேரமும் குறையும். “அண்ணே, உட்கார்ந்துதான் போகணும்” என்று ஆண்களுக்கும் கண்டிப்பாகச் சொல்வார்கள், ஒரு துளி வெளியே தெறித்தாலும் தரையைத் துடைக்கிறவருக்கு அது ஆபத்து. போகட்டும், தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்தானே? இங்கேதான் வார்டைக் கட்டிய பொறியாளருக்குத் தலைவலி. தண்ணீர் கூடினால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், நிரம்பினால் அடுத்த நோயாளிக்கு இடமில்லை. அதனால் குறைந்த தண்ணீரில் சுத்தமாகிற பீங்கானைத் தேடிப் பிடித்துப் போடுகிறார்கள். குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனால் இன்டர்காம் கூப்பிடும்.

கட்டடத்தின் பின்பக்கம் வாருங்கள். வேலி, பூட்டு, எச்சரிக்கைப் பலகை, பெரிய மூடிய தொட்டிகள். ஒன்று நிரம்புகிறபோது மற்றொன்று சீல் வைத்துச் சும்மா இருக்கும். பாட்டி ஊறுகாய் ஜாடியைத் துணி கட்டி மூலையில் வைக்கிற மாதிரி, மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் இங்கே முழு வேலையும்! மருந்தோ வடிகட்டியோ கிடையாது. எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால், 80 நாளில் 1,024-ல் ஒரு பங்கு. மாதிரி எடுத்து அளந்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் வால்வைத் திறப்பார்கள். இவ்வளவு பொறுமையான ஓர் இயந்திரத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு கதிரியல் பாதுகாப்பு அலுவலர். வார்டில் ‘ஆர்.எஸ்.ஓ.’ என்றால்தான் தெரியும். அவர் கையில் மீட்டரோடு வந்து, நோயாளியிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளக்கிறார். 100 மில்லிகியூரி குடித்தவுடன் அந்தத் தொலைவில் மணிக்கு ஏறத்தாழ 200 மைக்ரோசீவர்ட் கதிர்வீச்சு இருக்கும். பொதுமக்களுக்கு ஓர் ஆண்டுக்கான வரம்பே 1,000 மைக்ரோசீவர்ட்தான். ஐந்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓர் ஆண்டுக் கணக்கு தீர்ந்துவிடும்! ஆனால் இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் கால்பங்கு ஆகிவிடும், மூன்று மீட்டருக்கு ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தொலைவில் மணிக்கு 50 மைக்ரோசீவர்ட், உடம்பில் 30 மில்லிகியூரி என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் இந்தியாவில் வீட்டுக்கு அனுப்பலாம். பெரும்பாலோர் ஓரிரண்டு நாளிலேயே, சிலர் மூன்று நாளில் அந்த எண்ணைத் தொட்டுவிடுகிறார்கள்.

அதற்கப்புறம் பாதுகாப்பு அலுவலர் யார் தெரியுமா? நோயாளிதான்! ஈயச் சுவரும் தொட்டியும் ஆர்.எஸ்.ஓ.வும் ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிடுகின்றன. இவர் மட்டும் பேருந்து ஏறி ஊருக்குப் போகிறார். 1963 முதல் இயங்கும் மும்பை பரேல் கதிர்வீச்சு மருத்துவ மையத்துக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள், நம் ஊர் வார்டுகளுக்கும் தொலைவிலிருந்துதான் வருகிறார்கள். நெரிசலான பேருந்தில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி ஆறு மணி நேரம் உட்கார்ந்து போவது கூடாது. முடிந்தால் கார், பின் இருக்கையில் ஓட்டுநருக்கு எதிர் ஓரம். கார் கட்டுப்படியாகாது என்றால் அதை டிஸ்சார்ஜுக்கு முன்பே அங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இன்னொரு நாள் தங்கவைத்து அனுப்ப வழி இருக்கலாம்.

ஒற்றை அறை வீட்டில் என்ன செய்வது? நேரமும் தூரமும்தான் கணக்கு. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசலாம், தப்பே இல்லை. பக்கத்தில் எட்டு மணி நேரம் படுத்துத் தூங்குவதுதான் கூடாது. அறையின் இந்த மூலையில் இவர், அந்த மூலையில் மற்றவர்கள். சிறு பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மனசும் லேசாகும். வளர்கிற பிள்ளைகளின் தைராய்டு இந்த அயோடினுக்கு மிகவும் நொய்மையானது. 1986-ல் செர்னோபில் உலை வெடித்தபோது பாலோடு இதே அயோடினைக் குடித்த குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. மடியில் வைக்கிறதும் முத்தமும் மருத்துவமனை சொன்ன தேதி வரும்வரை தள்ளிப்போகட்டும். கர்ப்பிணிகளுக்கும் அதே கண்டிப்பு. இந்த இரு கூட்டத்துக்கும் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம், மற்றப் பெரியவர்களுக்குச் சில நாள். உங்களுக்கான எண் நீங்கள் குடித்த அளவைப் பொறுத்தது.

தட்டு, டம்ளர் தனியாக இருக்கட்டும், சோப்பு போட்டுக் கழுவினால் போதும், தூக்கி எறிய வேண்டாம். துணியைத் தனியாகத் துவையுங்கள். வெறும் கையால் மாவு பிசைவது, கரண்டியை வாயில் வைத்து உப்புப் பார்ப்பது சில நாளுக்கு வேண்டாம். வீட்டுக் கழிவறைக்குத் தனித் தொட்டி தேவையில்லை, உடம்பில் மிச்சம் இருப்பது அவ்வளவு குறைவு. இங்கே தண்ணீரைத் தாராளமாக இரண்டு மூன்று தடவை ஊற்றலாம்! பால் கொடுக்கிற தாய்மார்கள் சிகிச்சைக்கு ஆறு வாரமாவது முன்பே பால் கொடுப்பதை முழுக்க நிறுத்த வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி தொடங்கக் கூடாது. அடுத்த பிரசவத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். கருத்தரிப்பதைப் பெண்கள் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை தள்ளிப்போடச் சொல்வார்கள், ஆண்களுக்கும் சில மாதக் கணக்கு உண்டு.

விமான நிலையத்தில் கதிர்வீச்சு கண்டுபிடிக்கும் கருவி சில வாரம், சில சமயம் மூன்று மாதம் வரைகூடக் கத்தலாம். அது ஊசிமுனை அளவைக்கூட மோப்பம் பிடிக்கிற கருவி, அது கத்துவதால் உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து என்று ஆகிவிடாது. மருத்துவமனைக் கடிதம் பையில் இருந்தால் போதும்.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டு. அயோடின் போய் மாதக்கணக்கான பிறகும் சில வீடுகளில் சிகிச்சை முடிந்து வந்த பெண்ணுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். திண்ணையில் சாப்பாடு. அதற்கு எந்த மீட்டரிலும் ஆதாரம் கிடையாது. தொட்டிக்குக்கூட எந்த நாளில் திறக்கலாம் என்று கணக்கு இருக்கிறது, மனுஷிக்கு இருக்க வேண்டாமா?

ஆகவே இதை மட்டும் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஆர்.எஸ்.ஓ.விடம், எல்லாவற்றையும் தமிழில், தேதி போட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் படுப்பது எந்தத் தேதியிலிருந்து, வேலைக்குப் போவது எந்தத் தேதியிலிருந்து, பிள்ளையைத் தூக்குவது எந்தத் தேதியிலிருந்து. அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். தேதிக்கு ஒரு நாள் முன்னால் அவசரப்படாதீர்கள், தேதி வந்த பிறகு ஒரு நாளும் தள்ளி வைக்காதீர்கள்.